அழிக்கிறேன் என்று சொன்ன கேசட்

பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியிடம் "இதை அழித்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அழிக்காமல் வைத்திருந்து, அவள் திக்கித் திணறி வாசித்ததை ஊருக்கே கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டேன். ஒரு தரம் போட்டதோடு விடவில்லை. மறுபடியும் போட்டேன். அவள் படிப்பு அன்றோடு நின்றது.

நான் அப்போது தமிழாசிரியர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். கண் மங்கிவிட்டது. காது மட்டும் குறையில்லாமல் கேட்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சின்னாளபட்டிப் பக்கம் ஒரு நெசவூரில் எனக்கு வேலை. குடியிருந்தது திண்டுக்கல்லில். காலையில் டவுன் பஸ்ஸில் போய், சாயங்காலம் மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் இறங்குவதற்கு எழுந்து நிற்பேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி. நான் கரும்பலகையில் தேதி எழுதும் முன்பே தறிச்சத்தம் தொடங்கிவிடும். சன்னலைச் சாத்தினாலும் கேட்கும். புதிதாக வந்த ஆசிரியர்கள் முதல் மாதம் தலைவலி மாத்திரை போடுவார்கள். பிறகு தறி ஓடாத நாளில்தான் ஏதோ குறைவதுபோல் இருக்கும்.

எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் வாசிக்கமாட்டார்கள். எழுத்துத் தெரியாது என்று சொல்ல முடியாது. எழுதச் சொன்னால் ஓரளவு எழுதுவார்கள். எழுந்து நின்று வாசி என்றால்தான் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு ஊமையாகிவிடுவார்கள். கெஞ்சிப் பார்த்தேன், பிரம்பெடுத்தும் பார்த்தேன். அடித்தால் இன்னும் கெட்டது.

என் மச்சினன் துபாயிலிருந்து வரும்போது ஒரு டேப்ரெக்கார்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தான். செய்யுளை ராகத்தோடு கேட்கட்டும் என்று ஒருநாள் அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். செய்யுளை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் முழுக்க வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், நம்ம பேசினாலும் பிடிக்குமா?" என்று கேட்டான்.

"பிடிக்கும். ஆனா பேச்சுக்கு இடமில்லை. பாடத்தை வாசிச்சாத்தான்" என்றேன்.

அவன் வாசித்தான். வாசிப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "செய்திகள். வாசிப்பது கடைசி பெஞ்சு" என்றான். திருப்பிப் போட்டபோது வகுப்பே உருண்டது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. "சார், ரெண்டு எடத்துல தப்பு வந்துருச்சு. அழிச்சிட்டு இன்னொருக்கா வாசிக்கட்டுமா?" என்றான்.

பத்து வருட ஆசிரியர் வேலையில் ஒரு மாணவன் தானாக இன்னொரு முறை வாசிக்கிறேன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு அது வழக்கமானது. வாரம் ஒரு பாடம். பிள்ளைகளே கூட்டாகச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பதிவு செய்வார்கள். தப்பு வந்தால் அவர்களே அழித்துவிட்டு மறுபடி பதிவார்கள். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அதைப் போடுவேன். வாசிக்கத் தயங்குகிறவர்கள் புத்தகத்தில் வரிக்கு வரி விரல் வைத்தபடி கேட்கவேண்டும். "அடுத்த வாரம் எங்குரல் வரணும் சார்" என்று அவர்களே வந்து நிற்பார்கள். தன் குரல் நன்றாக வரவேண்டும் என்பதற்காக வீட்டில் பத்துத் தடவை வாசித்துவிட்டு வருவார்கள். பேட்டரிக்கு வீட்டில் வாங்கும் வசவை நான் பொருட்படுத்தவில்லை.

அப்படியும் சேராமல் இருந்தவள் அந்தப் பெண்தான். நெசவாளி மகள். பள்ளிக்கூடம் வருமுன்பும் போன பின்பும் ராட்டையில் உட்கார்ந்து அப்பாவின் தறிக்குத் தார் சுற்றுவாள், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சியில் நூல் சுற்றுகிற வேலை. அவள் அக்காவை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. ஒருநாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"மூத்தவளும் எட்டு வரைக்கும் வந்தா சார். ஒரு கடிதாசி வந்தா இன்னமும் நான் பக்கத்து வீட்டுக்குத்தான் ஓடறேன். இவளும் அம்புட்டுத்தான்னா எதுக்கு அனுப்பணும்? இந்த வருசம் முடியறதுக்குள்ள இவ வாசிக்கிறத எங்காதால ஒருக்கா கேக்கணும். கேட்டா பத்து வரைக்கும் அனுப்பறேன். இல்லைன்னா ராட்டையில உக்காரட்டும்."

"கேப்பீங்க. ஆண்டு விழா அன்னைக்கு உங்க தறியில உக்காந்தபடியே கேப்பீங்க, பாருங்க" என்றேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளி விட்டபின் அவளை மட்டும் உட்காரவைத்துப் பதிவு செய்தேன். வெள்ளத்தில் ஒரு பரிசல்காரன் ஆட்களைக் கரைசேர்க்கிற பாடம். வகுப்பில் வேறு யாரும் இல்லை. தறிகளும் ஓய்ந்திருந்தன. முதல் வரியிலேயே நின்றாள். ஒரு சொல்லைப் பிடித்து இழுத்து, பாதியில் விட்டு, திரும்ப முதல் எழுத்துக்கே போனாள். மூச்சு இரைந்தது. நடுநடுவே "ம், மேலே, மேலே" என்ற என் குரலும் அதில் பதிவாகியிருந்தது. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"சார், இத யாருக்கும் போட்டுக் காட்டிராதீங்க."

"அழிச்சிடறேம்மா."

"இப்பவே அழிங்க சார்."

"வீட்டுக்குப் போய் அழிச்சிடறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வீட்டுக்குப் போய் அதைப் போட்டுக் கேட்டேன். இவளை வாசிக்கவைத்துவிட்டால், முதலில் எப்படி இருந்தாள் என்று காட்ட இது வேண்டுமே என்று தோன்றியது. கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது, கைதவறியும் அழியாது. பேனாக்கத்தி முனையால் அதை உடைத்தேன். இந்த ஒரு காரியத்தை மறதி என்றோ அவசரம் என்றோ நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த வாரக் கடைசியில் அவள் என்னிடம் வந்து, "பெட்டிய வீட்டுக்குக் குடுப்பீங்களா சார்? வீட்டுல வாசிச்சா எனக்கு வரும்" என்றாள்.

"அது என்ன வீட்டுல மட்டும்?"

"தறி ஓடும்ல. நான் வாசிக்கிறது யாருக்கும் கேக்காது."

ஒரு புதுக் கேசட்டோடு பெட்டியைக் கொடுத்தேன். பழைய சேலைத் துணியில் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை வகுப்பில் அதைப் போட்டோம். முதலில் தறிச்சத்தம்தான். அதற்குள்ளிருந்து, வாயருகே பெட்டியை வைத்துக்கொண்டு வாசித்த அவள் குரல் வந்தது. தறிச்சத்தம் மறைத்துவிடும் என்ற தைரியத்தில் சற்று உயர்ந்த குரல். பரிசல்காரன் துடுப்பைப் போட்டான், சுழியில் சிக்கினான், மீண்டான், கரை சேர்ந்தான். ஓரிடத்திலும் தட்டவில்லை. பக்கத்திலேயே அப்பா நெய்துகொண்டிருக்க, அவருக்கே கேட்காமல் வாசித்திருக்கிறாள்.

"ஏலே, இது இவளா?" என்றான் கடைசி பெஞ்சுச் செய்தி வாசிப்பாளன்.

"இவளாவது! இவ அக்காவாயிருக்கும்டா."

"எங்கக்காவுக்கு வாசிக்கவே தெரியாது, போடா" என்றாள் அவள். அந்த வகுப்பில் அவள் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்தடுத்த வாரங்களில் வகுப்பிலும் மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். இந்த நல்ல கேசட்டின் முதுகுத் துண்டை உடைத்துப் பத்திரப்படுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் ஆண்டு விழாவையும் கல்வி அதிகாரியின் ஆய்வையும் ஒரே நாளில் காலையில் வைத்தார்கள். ரேடியோ செட்காரர் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டினார். தலைமையாசிரியர் ஒன்றைத் தறித்தெருவின் பக்கம் திருப்பச் சொன்னார். "பெத்தவங்க தறிய விட்டுட்டு வரமாட்டாங்க. சத்தமாச்சும் அங்க போகட்டும்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று யோசித்தேன். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்தது. அதனால் கேட்கவில்லை.

என் முறை வந்தது. மைக்கின் முன்னால் பெட்டியை வைத்து, "இந்த மாணவி முன்பு வாசித்தது இது" என்று சொல்லி முதல் கேசட்டைப் போட்டேன். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்தத் தெருவில் அவள் குரலை அறியாதவர் யார்? மைதானத்தில் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மேடையில் அதிகாரியும் சிரித்தார். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அது எனக்குக் கேட்டது. ஊரே கவனிக்கிறது என்று எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

அதிகாரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை ஒரே எழுத்துல நிக்குதே, அந்த எடத்தை இன்னொருக்கா போடுங்க வாத்தியாரே" என்றார்.

நான் தயங்கினேன் என்று எழுத ஆசைதான். தயங்கவில்லை. தலைமையாசிரியர், "சார் கேக்குறாருல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் கேசட்டைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிள்ளைகளுக்கு நடுவே வழி பார்த்து நடந்து வாசலைத் தாண்டிப் போனாள். நான் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். அவள் தெருவில் நடந்துபோகும்போது அவள் குரல் அவளுக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

இரண்டாவது தரம் முடிவதற்குள் பியூன் வந்து, டவுனிலிருந்து பிரியாணி வந்துவிட்டது, இலை போட்டாயிற்று என்றார். அதிகாரி எழுந்தார்.

"இப்ப நல்லா வாசிச்சதைப் போடறேன் சார். செத்த நேரம்தான்."

"அதான் புரிஞ்சுபோச்சே. நல்ல முயற்சி" என்று தோளில் தட்டிவிட்டு இறங்கினார்.

அவர் போனபிறகும் மைக் உயிரோடுதான் இருந்தது. தறிகள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அவளுடைய அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடி அடுத்தது என்னவென்று காத்திருந்திருப்பார். இரண்டாவது கேசட் என் சட்டைப்பையில் இருந்தது. எனக்கும் ஓர் இலை போட்டிருந்தார்கள். பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வராததால் பெட்டியையும் அந்த நல்ல கேசட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா நெய்துகொண்டிருந்தார். மூலையில் எனக்கு முதுகைக் காட்டி அவள் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்" என்றார். தறி நிற்கவில்லை.

"அன்னைக்குப் போட்டது பழசு. அவ நல்லா வாசிச்சது இதுல இருக்கு. கேளுங்க" என்று சொல்லிப் பெட்டியைப் போட்டேன். கேசட்டிலிருந்து வந்த தறிச்சத்தமும் வீட்டில் ஓடிய தறியின் சத்தமும் ஒன்றாகக் கலந்தன. அவள் குரல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"தறிச் சத்தம்தானே வருது" என்றார் அவர். "அதத்தான் நான் தெனமும் கேக்கறேன்."

"செத்த நேரம் தறிய நிறுத்துங்களேன்."

"அன்னைக்கு நிறுத்தித்தான் சார் கேட்டேன்."

"நீயாவது சொல்லும்மா" என்று அவள் பக்கம் திரும்பினேன். ராட்டை கொஞ்சம் வேகமாகச் சுற்றியது. அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது தெருமுனையில் சின்னப் பயல்கள் ஒரே எழுத்தைத் திக்கித் திக்கிச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு "டேப்பு" என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய்க்கு அவள் குடத்தோடு வந்தால், "டேப்பு வருதுடா, சுத்திவிடுடா" என்பார்களாம். என் வகுப்புப் பிள்ளைகளே சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளும் பெட்டியைத் தொடுவதை நிறுத்திவிட்டார்கள். செய்தி வாசித்த பையனிடம் கேட்டேன். "வேணாம் சார். மைக்குல போட்டுருவீங்க" என்றான். வெள்ளிக்கிழமைக் கடைசி மணியில் பழையபடி நானே வாசித்தேன். அவர்கள் சன்னலைப் பார்த்தார்கள்.

உடைந்த முதுகுத் துளையின்மேல் காகிதம் ஒட்டிவிட்டால் கேசட்டில் மறுபடியும் பதியலாம். அப்படிச் செய்து, யாருமில்லாத வகுப்பறையின் அமைதியை அதன்மேல் பதிந்து, அந்த வாசிப்பை அழித்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் காலம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. அதிகாரியிடமிருந்து எனக்குப் பாராட்டு வந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஆத்தூர்ப் பக்கம் தலைமையாசிரியராகப் போனேன். ஐந்தாறு வருடம் கழித்துப் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். இதுதான் சமயம் என்று நினைத்தேன். எந்த மேடையில் செய்தேனோ அங்கேயே சொல்லிவிடவேண்டும் என்று முடிவுசெய்தேன். பல நாள் எழுதித் திருத்தி மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

அதே வேப்பமரம், அதே தெருவைப் பார்த்த குழாய். "இந்தத் தெருப் பிள்ளை ஒருத்திக்கு நான் துரோகம் செய்தேன்" என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. முடிவில், "அவள் உண்மையில் எப்படி வாசித்தாள் என்று கேளுங்கள்" என்று அந்த நல்ல கேசட்டைப் போட்டேன். குழாயில் தறிச்சத்தம் மட்டும் இரைந்தது. குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. தெருவில் ஒரு தறியும் நிற்கவில்லை. மைதானத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். எனக்கு மனப்பாரம் குறைந்தது. அதை நினைத்துத்தான் இப்போது அதிகம் கூசுகிறேன்.

பஸ் நிறுத்தத்தில் அவளுடைய அப்பா வந்து நின்றார். தலை நரைத்திருந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும். மைக்குல பேசறதுக்கு முன்னால எம்மகளக் கேட்டீங்களா?"

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன்.

"போன தடவையும் கேக்கல."

"மன்னிப்புத்தானே கேட்டேன்…"

"இதே தெருவுலதான் அவளக் குடுத்திருக்கு. மாப்பிள்ளை வீடு போன வருசந்தான் வெளியூர்ல இருந்து வந்தது. அவ மாமியாளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. பயலுக மறந்து கெடந்தானுக. இன்னைக்கு மறுபடி ஆரம்பிச்சுட்டானுக." கோபமாகச் சொல்லவில்லை. நூல் அறுந்த இடத்தைக் காட்டுவதுபோல் சொன்னார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருப்பீங்க. அப்பவும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க."

பஸ் வந்தது. கேசட்டை அவர் கையில் வைத்து, "அவகிட்டக் குடுத்துருங்க. அவளோடது. என்ன வேணும்னாலும் செஞ்சுக்கட்டும்" என்றேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "ஏறுங்க சார்" என்றார்.

அதற்கு நாலு வருடம் கழித்துத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையில் மூன்று வயதுக் குழந்தை, காலடியில் நூல் மூட்டை. என்னை அவள்தான் முதலில் கண்டுகொண்டாள்.

"நல்லாருக்கீங்களா சார்?"

இருக்கிறேன் என்றேன். யாருக்கும் கேட்காத குரலில், "தப்புப் பண்ணிட்டேம்மா. ரெண்டு தடவையும்" என்றேன். முன்பே அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை அது.

"அது கெடக்கு சார்" என்றாள். மூட்டையின் கட்டைச் சரிபார்த்தாள்.

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அந்தக் கேசட்டு வந்துச்சா?"

"வந்துச்சு. வீட்டுக்காரர் டேப்பு வாங்கினார். கடையில குடுத்துச் சினிமாப் பாட்டுப் பதிஞ்சுட்டோம். ரெண்டு பக்கமும்."

"போட்டுக் கேட்டியா, அதுக்கு முன்னால?"

"இல்ல சார்."

ஒரு பஸ் வளைந்து வந்து நின்றது. பலகை எங்கள் பக்கம் திரும்பியதுமே அவள் குனிந்து மூட்டையைத் தூக்கிவிட்டாள். அவளுக்கு அதில் எழுதியிருப்பது தெரிந்துவிட்டது. குழந்தை பலகையைக் கைகாட்டி, "அம்மா, அது என்ன போட்டிருக்கு?" என்று கேட்டது.

அவள் பலகையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வாசிச்சுச் சொல்லுங்க சார்" என்றாள்.

நான் வாசித்தேன்.